ரிவர்ஸ் இல்லாத வண்டி

நாலா ரெண்டா என்று கேட்டுவிட்டு ஹக்கீம் பாய் ஜும்மாவுக்குப் போய்விட்டார். "தொழுதுட்டு வந்துடறனுங்க, அதுக்குள்ள ரெண்டையும் ஓட்டிப் பாத்து முடிவு பண்ணி வெய்யுங்க. ரேடியேட்டர் மாட்டலீங்க, அரை நிமிசத்துக்கு மேல ஓடவிட்டா சூடாயிரும்" என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதோடு சரி. இட்லியா தோசையா என்று கேட்டுவிட்டுப் போவது மாதிரி. உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் பாதிக்கு ஷட்டர் இறங்கிவிட்டது. தெருவின் சத்தம் அடங்கியும் மீன் மார்க்கெட் வாடை மட்டும் அடங்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் முக்காலியில் உட்கார்ந்து, எதிரே சக்கரம் வைத்த இரும்பு ஸ்டாண்டுகளில் உட்கார்ந்திருந்த இரண்டு பைக் இஞ்சின்களையும் மாறி மாறிப் பார்த்தார். இடது பக்கம் நாலு சிலிண்டர். யாரோ பணக்காரப் பையனின் வெளிநாட்டு பைக்கிலிருந்து இறக்கியது. முன்னால் வளைந்து இறங்கும் நாலு குழாய்களும் பல்லைக் காட்டிச் சிரிப்பதுபோல் இருந்தன. வலது பக்கம் ரெண்டு சிலிண்டர். அதுவும் வெளிநாடுதான், ஆனால் கட்டை குட்டையாக, நம்மூர் ஆள் மாதிரி ஒரு அடக்கம். அதன் மேல் பாயின் பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டில் ஒன்று இன்றைக்குக் கணபதியில் இருக்கும் அவர் பட்டறைக்குப் போய், அதன் பின்னால் தார்ப்பாய்க்கடியில் நிற்கும் அந்தச் சின்ன ரேஸ் காரில் ஏறி, அவர் மனைவி சாந்தாமணியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவளைத் தள்ளிக்கொண்டு ஓடப்போகிறது. எது என்று சொல்ல வேண்டியது அவர். லேத்தில் மயிரிழை பிசகாமல் பம்பு ஷாஃப்ட் கடைகிற மனுஷர், இந்த ஒரு விஷயத்தில் காலையிலிருந்து மதில்மேல் பூனையாக இருந்தார். நிஜப் பூனைக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. ரெண்டு சிலிண்டர்தான் என்று அது எப்போதோ முடிவு செய்துவிட்டது.

பூனையே சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா. சாந்தாமணியிடம் போய்ப் பூனை சொன்னது என்றால் சிரிப்பாள். சிரித்துவிட்டு, நாலு எங்கே என்பாள். முன் வைத்த காலைப் பின் வைக்கிற ஜாதியில்லை அவள். அந்தக் காலில் ஒன்றுதான் இப்போது சரியில்லை. இருபது வருஷமாக லேடீஸ் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவள். எல் போர்டு போட்ட வண்டியில் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று தனியாக வைத்த பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, காந்திபுரத்திலும் கணபதியிலும் எத்தனை பெண்களை மெதுவாக, மெதுவாக, பாத்து, பாத்து என்று ஓட்ட வைத்திருப்பாள். டாக்டரம்மாக்கள், டீச்சர்கள், மருமகளுக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ள வந்த மாமியார்கள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "ஏனுங் மாமா, நான் இத்தன வருசம் வண்டி ஓட்டவே இல்லீங். அடுத்தவங்க ஓட்டறத நிறுத்திட்டு மட்டுந்தான் இருந்திருக்கேன்." அப்படிச் சொன்னவளின் முகத்தைப் பார்த்த பிறகு எந்தப் புருஷன் சும்மா இருப்பான். மறு வாரமே குழாய் வாங்கி வளைக்க ஆரம்பித்துவிட்டார். ஒற்றை ஆள் உட்காருகிற வண்டி, கதவில்லை, கூரையில்லை, நாலு ஆள் சேர்ந்தால் தூக்கிவிடலாம். ஒரு சின்னக் காரின் பழைய இஞ்சினைப் போட்டுச் செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோனார்கள். முதல் நாள் அவள் ஹெல்மெட்டைக் கழற்றியபோது இருந்த முகம் கல்யாணத்தன்றுகூட இல்லை. அதைச் சொன்னால் வம்பு, அதனால் சொல்லவில்லை. "ஒரே ஒருக்கா அந்த நீட்டு ரோட்டுல, பிரேக் ஞாபகமே வராம முழுசாப் போகணும், அவ்வளவுதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் முழங்கால் உடைந்தது.

இடது முழங்கால். கிளச் மிதிக்கிற கால். உள்ளே தகடும் திருகும் வைத்து அனுப்பினார்கள். நடக்கலாம், படி ஏறலாம், ஆனால் ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை மிதித்து மிதித்து நாலாவது ரவுண்டில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரமாக வண்டி நிறுத்துகிற பிட்டுக்குள் வந்து நிற்பாள். "ஒண்ணுமில்லீங், சூடு" என்பாள். சூட்டில் யாருக்கும் அப்படி உதடு வெளுக்காது. அப்போதுதான் சென்னியப்பனுக்கு யோசனை வந்தது, பைக் இஞ்சினையே காருக்குப் போட்டால் என்ன. பைக்கில் கிளச் கைக்குத்தானே. கிளம்பும்போது ஒரு தடவை பிடித்தால் போதும், ஓட ஆரம்பித்த பிறகு கையால் லிவரைத் தட்டத் தட்டக் கியர் விழும், கால் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். இதை அவளிடம் படம் போட்டுக் காட்டிய ராத்திரி அவள் ஒன்றும் பேசாமல் அவர் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள், நல்ல பையன் என்பதுபோல். ஐம்பது வயசில் அந்த ஆட்டலுக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்றிருந்தது. என்ன வேண்டுமானாலும் என்றால் நாலு சிலிண்டரையும் சேர்த்தா. அங்கேதான் மனசு போய் மாட்டிக்கொண்டது. யோசனை சொன்னவரும் அவரே, இப்போது பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவரே. ரெண்டு சிலிண்டர் என்றால் பழைய வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. நாலு சிலிண்டர் என்றால் அந்தச் சின்ன வண்டியின் எடைக்கு அது வேகமில்லை, எடுத்து எறிவது.

எழுந்து போய் நாலு சிலிண்டரின் பக்கத்தில் குந்தினார். ரெண்டுதான் சரி என்பதற்குக் காரணங்களா இல்லை. ரெண்டு குறைந்த சுற்றிலேயே இழுக்கும், நாலை உச்சாணிக்கு ஏற்றினால்தான் இழுக்கும். ரெண்டுக்குச் சூடு குறைவு. ரெண்டுக்கு உதிரி பாகம் பாயிடமே இன்னொரு செட் இருக்கிறது. இடமும் கச்சிதம். பைக் வளைவில் சாயும், கார் சாயாது, ஆயில் எல்லாம் அடித்தொட்டியான சம்ப்பில் ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கிக்கொள்ளும், பம்பு காற்றைக் குடித்து பேரிங் போய்விடும். அந்த வியாதி இரண்டு இஞ்சினுக்குமே உண்டு, சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்து வெல்டு பண்ணிவிடலாம், ஆனாலும் நாலு அத்தனை சுற்று சுற்றும்போது போனால் மொத்தமாகப் போகும். எல்லாம் சரியான காரணங்கள். சரியான காரணங்கள் இப்படி ஒட்டுக்கா வந்து நின்றாலே சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்கும் தெரியும். இரும்பில் தப்பு கண்டுபிடிக்கிற ஆள், கட்டைவிரல் நகத்தை வைத்து நாலு சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டே போனார். ஒரு விரிசல் இருக்கட்டும் சாமி, மருதமலை முருகா, ஒரே ஒரு மயிரிழை விரிசல். பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு மச்சம் தேடுகிற மாதிரி. நகம் ஒரு இடத்தில் தட்டியது. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கையிலிருந்த பனியன் துணியால் துடைத்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் குனிந்து பார்த்தார். காய்ந்துபோன ஆயில் கோடு. துடைத்ததும் அதுவும் போய்விட்டது. கீழே அலுமினியம் அன்றைக்கு வார்த்ததுபோல் பளபளத்தது. இத்தனை நல்ல இஞ்சின் கிடைத்ததற்கு ஒரு மெக்கானிக் இப்படி வருத்தப்பட்டதை யாராவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார்கள். நல்லவேளை, பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

முதலில் ரெண்டையே ஓட்டிப் பார்க்கலாம் என்று பூனையைக் கிளப்பினார். அது சாவகாசமாக முதுகை வளைத்துவிட்டு நாலின் மேல் போய்ப் படுத்தது. கட்சி மாறிவிட்டாயே துரோகி. பாய் பெட்ரோலை ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தலைகீழாக மேலே கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயைக் கார்புரேட்டருக்கு விட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. அதைப் பார்க்காமல் பட்டனை அமுக்கினார். டுப்டுப்டுப்டுப் என்று பிடித்துக்கொண்டு, ஒரே சீராக, நம்பகமாக, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் மாதிரி ஓடியது. இதுதான். இது போதும். நிறுத்தினார். ஆனால் கண் அந்தப் பாட்டிலுக்கே போனது. அவளுக்கு அடிபட்ட அன்றைக்கும் இப்படித்தான் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வெளியே கூப்பிட்டு முழங்கால் மூட்டு மூன்றாக உடைந்திருக்கிறது, பழையபடி மடக்க முடியுமா என்று சொல்ல முடியாது என்றார். சென்னியப்பன் உள்ளே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல சாந்தாமணி, சின்ன அடிதான்" என்றார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எப்படித் தெரிந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை. ரொம்ப நாள் கழித்து அவளே சொன்னாள். கட்டினதிலிருந்து அவர் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார், சண்டையிலும் அம்மிணிதான், காய்ச்சலில் பிதற்றும்போதும் அம்மிணிதான். பொய் சொல்லும்போது மட்டும் வாயில் பேர் வந்துவிடும். சாப்பிட்டேன் சாந்தாமணி. பல் வலியெல்லாம் இல்லை சாந்தாமணி. தன் வாய்க்குள் இப்படி ஒரு ஒற்றன் இருப்பது தெரிந்த நாளிலிருந்து ஜாக்கிரதையாகத்தான் இருந்து வருகிறார். ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று இன்று காலையிலிருந்து மூன்று தடவையாவது நினைத்துக்கொண்டாகிவிட்டது.

ஏனென்றால் பொய் தயாராகிவிட்டது. நாலு சிலிண்டரில் அடியில கிராங்க் கேஸ் விரிசல் அம்மிணி. அம்மிணி. அம்மிணி என்று சொல்ல வேண்டும். வார்த்தையைக் கடைந்து, பிசிறு தட்டி, பார்சல் கட்டி வைத்தாகிவிட்டது. பாயும் காட்டிக்கொடுக்க மாட்டார். இதில் என்ன பாவம், ஒரு மனுஷி கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று நினைப்பது பாவமா. அந்த டிராக்கில் கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறது, அங்கே வண்டி கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். அந்தக் கொஞ்ச நேரம் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவருக்குக் கண்ணை மூடினால்தான் பேயே வரும், இருந்தாலும் மூடிக்கொள்வார். வண்டி புரண்டு கிடக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, யாரோ கொடி காட்டுகிறார்கள். அங்கிருந்து மனசு பின்னோக்கியே போகும். ஆஸ்பத்திரி, ஸ்ட்ரெச்சர், பஸ் ஸ்டாப், ரோட்டில் சிந்திக் கிடந்த மல்லிகைப்பூ. பைக் இஞ்சினுக்கு ரிவர்ஸ் கிடையாது, அவர் மனசுக்கு ரிவர்ஸ் மட்டும்தான் உண்டு. அட, அது ஒன்று இருக்கிறதே. ரிவர்ஸ். டிராக்கில் வண்டி ஒரு சுற்றுச் சுற்றி மண்ணில் இறங்கி எதையாவது முட்டிக்கொண்டு நின்றால் பின்னால் எடுக்க வழியில்லை. அதைச் சொல்லலாமே. ஆனால் ரிவர்ஸ் ரெண்டு சிலிண்டரிலும் கிடையாது. சொல்லி என்ன பிரயோசனம். பூனை நாலின் மேல் தன் வாலைச் சுற்றிவைத்துக்கொண்டு அவரையே பார்த்தது.

சட்டைப் பையில் போன் அடித்தபோது முக்காலியோடு தூக்கிப் போட்டது. "ஏனுங் மாமா, என்ன ஆச்சு? ஒரு போனையும் காணோம்" என்றாள் சாந்தாமணி. பின்னால் குக்கர் விசில் கேட்டது. "பாய் தொழுகைக்குப் போயிருக்காருடா அம்மிணி, நான் பாத்துட்டு இருக்கேன்." அம்மிணி என்று சரியாக வந்துவிட்டது. "பாத்துட்டா? இஞ்சின என்ன பாக்கறது, கேக்க வைங்க. ஸ்பீக்கர்ல போடுங்க." போனை ஸ்டாண்டின் மேல் வைத்து ரெண்டு சிலிண்டரை மறுபடி கிளப்பினார். அவள் கேட்டாள். "நல்லாத்தான் இருக்குது. உங்கப்பாரு விடியால இருமற மாதிரியே இருக்குது." அவர் சிரித்துவிட்டார். அதுதானே அந்தச் சத்தத்தின் சுகமே. "இப்ப அது" என்றாள். அது என்றால் அதுதான். பூனையை இறக்கிவிட்டார், பாட்டில் குழாயைக் கழற்றி நாலின் கார்புரேட்டரில் மாட்டினார், முடிந்தவரை மெதுவாக மாட்டினார், எல்லா வேலையும் ஒரு நேரத்துக்கு மேல் முடிந்துதான் தொலைக்கிறது. பட்டனை அமுக்கினார். முதலில் தையல் மெஷின் மாதிரி ஒரு சின்னச் சத்தம், இவ்வளவுதானா என்று தோன்றியது. ஆக்சிலேட்டர் வயரைப் பிடித்து இழுத்தார். கடைத் தகரம் அதிர்ந்தது. பூனை தெருவுக்கே ஓடிவிட்டது. அந்தச் சத்தம் மேலே போனது, இதற்கு மேல் இல்லை என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் மேலே போனது, பயத்தையெல்லாம் மீறி அவர் உடம்பு பூராவும் புல்லரித்தது. எத்தனை அழகாகக் கட்டியிருக்கிறான் மகராசன். நிறுத்தினார். குக்கரும் வாயடைத்துப் போயிருந்தது. பிறகு போனில் ஒரு மூச்சு. சின்னதாக, உள்ளே இழுத்த மூச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மூச்சை அவர் எப்போது கேட்டிருக்கிறார் என்று யோசித்தார். ஹெல்மெட்டைக் கழற்றிய அன்றைக்கு.

"இன்னொருக்கா" என்றாள். "சூடாயிரும்" என்றார். உண்மைதான். அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்ற அவசரத்தில், கடைந்து வைத்ததெல்லாம் கலைந்து, "இங்க பாரு சாந்தாமணி, இதுல அடியில ஒரு விரிசல் இருக்குது" என்று வந்து விழுந்தது. விழுந்த பிறகுதான் காதில் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். "பேரச் சொல்லிட்டீங்களே மாமா" என்றாள். கோபமில்லை, அதுதான் தாங்கவில்லை. சென்னியப்பன் கையில் ஒட்டிய ஆயிலைப் பனியன் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார். "பயமா இருக்குது அம்மிணி" என்றார். "நீ அந்தத் திருப்பத்துல மறையறப்ப நான் கண்ண மூடிக்கறேன். தொறக்கவே முடியறதில்ல." "தெரியுமே. எனக்கென்ன கண்ணு தெரியாதா? அந்தத் திருப்பம் தாண்டி வர்றப்ப ஒவ்வொரு ரவுண்டும் பாக்கறேன். ஊரே என்னப் பாத்துட்டு நிக்குது, கட்டுன புருசன் மட்டும் மூஞ்சியத் தூக்கிட்டு, சாமி கும்பிடறவராட்ட, கண்ண இறுக்கி மூடிட்டு நிக்கறாரு." இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், சிரிப்பின் கடைசி கொஞ்சம் கரகரத்தது. "மாமா, நான் பூ வாங்க நின்னுட்டு இருந்தேன். ஓடிட்டு இல்ல. சும்மா ஓரமா நின்னுட்டு இருந்தவ மேலதான் ஆட்டோவ ஏத்துனாங்க. நின்னா ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" அன்றைக்கு மல்லிகைப்பூ ரோட்டில் கிடந்தது. அதை அவர்தான் பொறுக்கி ஒரு கைக்குட்டையில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. "ரெண்டே எடுத்துட்டு வாங்க, நான் ஓட்டறேன். ஆனா விரிசல்னு சொல்லி எடுத்துட்டு வராதீங்க. பயமா இருக்குதுன்னு சொல்லி எடுத்துட்டு வாங்க. உங்க பயத்துக்கு நான் அடங்குவேன். பொய்க்கு அடங்க மாட்டேன்" என்றாள் சாந்தாமணி.

இது என்ன நியாயம். பாரத்தை இறக்குகிற மாதிரி இறக்கி, மறுபடி அவர் தலையிலேயே ஏற்றிவிட்டாளே. ரெண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மூச்சுக் காட்டாமல் ஓட்டுவாள், அந்த மூச்சை இனிமேல் கேட்கவும் முடியாது. இருபது வருஷம் அடுத்தவர்களுக்காகப் பிரேக்கில் கால் வைத்தவள் இனிமேல் அவருக்காக வைத்துக்கொண்டிருப்பாள். முழங்காலுக்குத் தகடு வைத்தார்கள், இதற்கு யார் என்ன வைப்பது. மசூதியிலிருந்து ஆட்கள் திரும்பும் பேச்சுச் சத்தம் தெருவில் கேட்க ஆரம்பித்தது. தூரத்தில் ஒரு ஷட்டர் ஏறியது. அவருக்குக் கடைசியாக ஒன்றே ஒன்று கையில் மிஞ்சியிருந்தது, அதையும் போட்டுப் பார்த்தார். "அம்மிணி, ரிவர்ஸ் கெடையாது. வண்டி சுத்தி மண்ணுல போய் நின்னுட்டா எப்படிப் பின்னாடி எடுப்பே?" "ரெண்டுலயும்தான் கெடையாது." "அதனாலதான் கேக்கறேன்." "நீங்க வந்து தள்ளுங்க" என்றாள், இது ஒரு கேள்வியா என்பதுபோல். "தள்ளறதுக்கு மொதல்ல நான் எங்க நிக்கறேன்னு தெரியணுமில்ல? கண்ணத் தொறந்து வெச்சிருந்தாத்தான தெரியும்." குக்கர் மறுபடி விசில் அடித்தது. "அடுப்பு மேல இருக்குது, வெச்சுடறேன். சாப்பிட்டீங்களா?" "இல்ல அம்மிணி" என்றார். "சரி, உண்மைதான்" என்று வைத்துவிட்டாள்.

பாய் வந்தபோது தொப்பி பைக்குள் போயிருந்தது, பூனை அவர் பின்னாலேயே வந்தது. இரண்டு இஞ்சினையும் ஒரு பார்வை பார்த்தார். நாலின் குழாய்களிலிருந்து இன்னும் வெக்கை அடித்துக்கொண்டிருந்தது. "என்னங்க முடிவு?" என்றார். "நாலுங்க பாய்" என்றார் சென்னியப்பன். குரல் கொஞ்சம் நடுங்கியது, பரவாயில்லை, நடுங்கட்டும், பொய் இல்லை. "நல்லா யோசிச்சுட்டீங்களா? காருக்குப் போடறீங்க. இதுல ரிவர்ஸ் இருக்காதுங்க, அப்பறம் வந்து சொல்லலீன்னு கேக்கப்படாது." "இருக்குதுங்க பாய்" என்றார் சென்னியப்பன். பாய் குனிந்து இஞ்சினின் பின்பக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எங்கே என்பதுபோல் நிமிர்ந்தார். சென்னியப்பன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, நாலின் ஸ்டாண்டில் இரண்டு கையையும் வைத்து, கண்ணைத் திறந்துகொண்டு வாசல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தார்.